இரண்டு பொதி மிளகாய்த்தூள்

லுசேர்ண்
10.11.1985

அன்புத் தங்கச்சி மலருக்கு,

நான் நலம். அங்கே அம்மா, சிறீ, நீ மூவரும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? எதையும் முகத்துக்குக் கிட்டப் பிடித்துத்தான் பார்க்கிறா என்று எழுதியிருந்தாய். இதையும் நீதானே வாசித்துக் காட்டப் போகிறாய். ஆகவே அம்மாவுக்கு ஒரு செய்தி: உங்கள் மூத்த மகன் மூன்று நேரமும் சாப்பிடுகிறான்.

சுவிஸுக்கு வந்த எனக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்துவிட்டது. ஷெஃப் நல்ல மனிதன், ஆனால் கத்துவான். கத்துவது விளங்காததால் எனக்குக் கோபமும் வருவதில்லை. அறை நல்ல வசதி. யன்னலைத் திறந்தால் பனி மூடிய மலை தெரியும்.

ஒரே ஒரு குறை. என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இந்த மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாதாம். ஓர்லிகோனில் இருக்கிற நம் ஊர் நித்தியானந்தனைப் பார்க்க ரயிலில் ஒரு மணித்தியாலம்தான், போக முடியாது. கண்ணாத்தீவில் நம்மைச் சுற்றிக் கடலாவது இருந்தது. இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

கடலில் வள்ளம் விடத் தடை போட்டதால் தண்ணீர் வள்ளமும் நின்றுவிட்டது என்று நித்தியானந்தன் தொலைபேசியில் சொன்னான். மெய்யா? தீவில் இருக்கிற கிணறெல்லாம் சவர். குடிக்க என்ன செய்கிறீர்கள்? சிறீயை எழுதச் சொல். “அண்ணை, வாங்கோ” என்று அவன் ஒரு சொல் எழுதினால் போதும், விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

அன்பு அண்ணன்,
தவராஜா


கண்ணாத்தீவு
2.12.1985

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகும்படி அம்மா சொல்கிறா.

தண்ணீர் வள்ளம் நின்றது மெய்தான். முதல் கிழமை எல்லாரும் இளநீர் குடித்தோம். இரண்டாம் கிழமை எல்லாரும் சண்டை பிடித்தோம். மூன்றாம் கிழமை சின்னண்ணை இளைஞர் மன்றத்தைக் கூட்டினார். பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையில் விழுகிற மழை முழுவதும் கடலுக்குத்தானே போகிறது, அதை மறித்தால் என்ன என்று கேட்டார். பக்கத்தில் சங்கக்கடைக்காரர் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட களஞ்சியம் இருக்கிறதல்லவா? நான்கு சுவரும் நிலமும் உண்டு. அதுதான் தொட்டி.

சீமெந்து கிடையாது. அதற்கும் சின்னண்ணை வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒரு கடகம் சிப்பி கேட்டோம். பெண்பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கினோம், பெடியன்கள் சூளை போட்டுச் சுட்டார்கள். சுட்ட சிப்பியைச் சுண்ணாம்பாக்கி உட்சுவரில் பூசுகிறோம். என் கை இரண்டும் வெந்து தோல் உரிகிறது. கலாவதிக்கு என்னைவிட மோசம், ஆனால் அவள் வாயும் மூடுவதில்லை.

தம்பித்துரை மாமா மட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பொடியளின்ரை விளையாட்டு, ரெண்டு மழைக்குக் கரைஞ்சு போம்” என்கிறார். அவரிடம்தான் நீளமான ஏணி இருக்கிறது. அதனால் பதில் சொல்லாமல் இருக்கிறோம். மாரி முடிவதற்குள், கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரப் பீலி கட்டி முடிக்க வேண்டும்.

கீழே சின்னண்ணையின் கிறுக்கல்.

அன்புத் தங்கை,
மலர்

அண்ணை, நீங்கள் வரவேண்டாம். நீங்கள் வந்தால் தொட்டிக்கு நீங்கள்தான் தலைவர் என்பீர்கள். அங்கே கூரைகளுக்கு எப்படிப் பீலி கட்டுகிறார்கள் என்று பார்த்து ஒரு படம் கீறி அனுப்புங்கள். சிறீ.


லுசேர்ண்
5.1.1986

அன்பு மலருக்கும் தலைவர் சிறீதரன் அவர்களுக்கும்,

நலம். நலமறிய ஆவல். புதுவருட வாழ்த்துகள்.

தலைவரே, படம் இத்துடன் இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது ஒரு வீட்டின் முன்னால் நின்று கீறினேன். வீட்டுக்காரக் கிழவி யன்னலைத் திறந்து என்னவோ கேட்டா. நான் பீலியைக் காட்டி “ஷேன், ஷேன்” என்றேன், வடிவு என்று அர்த்தம். அவ யன்னலைச் சாத்திவிட்டா. இங்கே பீலி தகரத்தில் இருக்கிறது. நீங்கள் பனங்குற்றியைப் பிளந்து குடைந்தால் போதும். ஆனால் சாய்வு முக்கியம். பத்தடிக்கு ஒரு சாண் சரிய வேண்டும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதே, கூரைக் குப்பை எல்லாம் வரும்.

எனக்கு விசாரணைத் திகதி வந்துவிட்டது. சித்திரை 22. ஊரில் நிலைமை மோசம் என்று காட்ட எந்தத் தாள் இருந்தாலும் கொண்டு வரச் சொன்னார்கள். என்னிடம் உன் கடிதங்களைத் தவிர வேறு தாள் இல்லை. தண்ணீர்த் தடையைப் பற்றி நீ எழுதியது நல்ல சாட்சி. இனியும் விவரமாக எழுது.

அன்பு அண்ணன்,
தவராஜா


கண்ணாத்தீவு
3.3.1986

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நான், அம்மா, சின்னண்ணை மூவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஒப்பரேசன் தை மாதம் யாழ்ப்பாணத்தில் முடிந்தது. நோயாளருக்கான வள்ளம் பாஸ் எடுத்தால் மட்டும் போகும். திரும்பி வர வள்ளமில்லாமல் மூன்று கிழமை இராஜேஸ்வரி மாமி வீட்டில் நின்றா. ஆட்களை அடையாளம் தெரிகிறது. எழுத்து இன்னும் தெரியவில்லை.

உங்கள் படம் வந்தது. பீலி கட்டியாயிற்று. மன்றத்து வேலைகளை இப்போது பெண்பிள்ளைகள் நாங்களும் சேர்ந்து பார்க்கிறோம். சின்னண்ணைக்கு எழுத நேரமில்லை.

நித்தியானந்தனின் மனைவி ஜெயந்தி கணவனிடம் ஓர்லிகோன் வருகிறா. அவவிடம் அம்மா ஒரு பார்சல் கொடுத்திருக்கிறா. அம்மா கட்டியது, அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை,
மலர்


லுசேர்ண்
6.4.1986

அன்பு மலருக்கு,

நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கைத்தோல் இன்னும் ஆறவில்லையா?

என்னால் ஓர்லிகோன் போக முடியாததால் நித்தியானந்தனே பார்சலைக் கொண்டு வந்தான். அம்மாவுக்கு என்ன நடந்தது? மிளகாய்த்தூள் இரண்டு பொதி. பனங்கட்டி இரண்டு குட்டான். சேட்டும் இரண்டு. ஒன்று எனக்கு அளவு, மற்றது தோளில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஷெஃப் மிச்சம் கொட்டித் தருவதில் நான் கொழுத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாது போல. நான் ஒருவன்தானே, எதற்கு எல்லாவற்றிலும் இரண்டு என்று கேட்டு எழுது. நித்தியானந்தன் சிரித்து, “உன்ரை கொம்மா உனக்குக் கலியாணம் முடிச்சு வைச்சிட்டா போல” என்றான்.

இந்த மாதம் விசாரணை. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சிறீ எனக்கு எழுதி நான்கு மாதமாகிறது. தலைவருக்கு அண்ணனை மறந்துவிட்டது. இரண்டு வரி கிறுக்கச் சொல், அது போதும்.

அன்பு அண்ணன்,
தவராஜா


கண்ணாத்தீவு
19.4.1986

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

சித்திரை மழை பெய்தது! ஒரு பகல் முழுவதும் விடாமல் கொட்டியது. முதல் ஒரு மணித்தியாலத் தண்ணீரை வெளியே விட்டோம், நீங்கள் சொன்னபடி. பிறகு கலாவதி பீலி வாயைத் தொட்டிக்குத் திருப்பினாள். சுவர் கரையவில்லை. தம்பித்துரை மாமா குடை பிடித்துக்கொண்டு வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு குடையைச் சுருக்கிவிட்டு மழைக்குள்ளேயே நின்றார். அடுத்த நாள் தொட்டியை மூடத் தன் வீட்டுக் கிடுகு நூறு அனுப்பியிருந்தார்.

வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வாளி. சங்கக்கடை அட்டையில் நான் புள்ளடி போடுகிறேன். கைக்குழந்தை இருந்தால் மூன்று வாளி. யாரும் சண்டை பிடிக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் பிடித்தார்கள்.

பார்சலைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்குத் தாராளமான கை.

அண்ணை, ஒன்று. என் கடிதங்களை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். விசாரணைக்கும் கொண்டு போக வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

தங்கை,
மலர்


லுசேர்ண்
21.5.1986

மலர்,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. “காட்ட வேண்டாம்” என்ற உன் கடிதம் விசாரணை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு என் கைக்கு வந்தது.

மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பாசலில் வேலை செய்யும் இந்தியத் தமிழர், மரியாதையான மனிதர். அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஊரில் உங்கள் வயதுப் பெடியன்கள் இருக்கிறார்களா என்பது. இருக்கிறார்கள், ஆனால் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றேன். உங்கள் தம்பி? தீவில் இருக்கிறான் என்றேன். அதிகாரி கோப்பைத் தள்ளினார். மொழிபெயர்ப்பாளர் பங்குனியில் நீ எழுதிய அந்தத் தந்திக் கடிதத்தை எடுத்து வாசித்தார். நான், அம்மா, சின்னண்ணை மூவரும் நலம். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து மெல்ல, “நலம்னுதான் சார் எழுதியிருக்காங்க” என்றார், தான் பிழை விட்டதுபோல.

நான் எழும்பிவிட்டேன். “ஐயா, அது எங்கடை வழக்கம். வீடு பத்தி எரிஞ்சாலும் முதல் வரியிலை நலம் எண்டுதான் எழுதுவம். அவருக்கு விளங்கப்படுத்துங்கோ” என்று கத்தினேன். அவர் விளங்கப்படுத்தினார். அதிகாரி கோபப்படவில்லை. “அப்படியானால் இந்தக் கடிதங்களில் எது வழக்கம், எது உண்மை என்று நான் எப்படி அறிவது?” என்று கேட்டார். மலர், எனக்கே தெரியாது.

நேற்று நிராகரிப்பு வந்தது. அவர்கள் எழுதியிருப்பது இதுதான்: விண்ணப்பதாரரின் தம்பி, ஒத்த வயதினர், அதே ஊரில் பொதுவேலை செய்துகொண்டு நலமாக வாழ்கிறார். ஆகவே விண்ணப்பதாரரும் அங்கு வாழலாம். என்னைத் திருப்பி அனுப்பப் போவது உன் எழுத்து. உனக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன், நீ நலம் நலம் என்று எழுதியே என் கழுத்தை அறுத்துவிட்டாய்.

மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுது. சிறீயும் தன் கையால் எழுதட்டும். அவன் பயந்துகொண்டிருக்கிறான், ஒளித்துத் திரிகிறான் என்றாவது எழுதட்டும். தொட்டிப் பெருமையை விடு. அண்ணனுக்காக ஒரு தாள் எழுத அவனுக்கு நேரமில்லையா?

தவராஜா


கண்ணாத்தீவு
4.6.1986

அண்ணை,

இந்தக் கடிதத்தில் நலம் என்று எழுதவில்லை. தபாலில் போகிற கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இதைக் கொழும்புக்குப் போகிற பாலச்சந்திரன் மாஸ்டரின் கையில் கொடுத்து, அங்கேயிருந்து தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சின்னண்ணை இங்கே இல்லை.

தை மாதம் 21ஆம் திகதி காலை பத்து மணிக்கு அவர் பள்ளிக்கூடக் கூரையில் இருந்தார். கடைசிப் பீலியைக் கட்டிக்கொண்டிருந்தார். நேவியின் ரோந்துப் படகு ஜெற்றிக்கு வந்தது கீழே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. கூரையில் நின்ற அவருக்குத் தெரிந்திருக்கும். “மலர், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போ” என்று மட்டும் சொன்னார். அவர் இறங்கி ஓடியிருந்தால் அவர்கள் சுட்டிருப்பார்கள், எங்கள் மேலும் பட்டிருக்கும். அவர் ஏணியில் ஒவ்வொரு படியாக, ஆறுதலாக இறங்கினார். இருபது வயதுக்கு மேற்பட்ட பெடியன்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனார்கள். ஏன் கூரையில் நின்றாய், யாருக்குச் சைகை காட்டினாய் என்று கேட்டார்கள். தண்ணீருக்கு என்று அவர் சொன்னதுதான் என் காதில் கடைசியாக விழுந்தது.

நானும் கலாவதியும் மூன்று முகாம்களுக்குப் பாஸ் எடுத்துப் போனோம். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று மூன்று இடத்திலும் சொன்னார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

உங்களுக்கு எழுதியிருந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள். விமானம் ஏறிவிடுவேன் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். உங்களையும் விமான நிலையத்திலேயே பிடித்திருப்பார்கள். அதனால் மூவரும் நலம் என்று எழுதினேன். அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கடிதங்களைக் கொண்டு போகப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகும் எனக்கு இரண்டு மாதம் துணிவு வரவில்லை. துணிந்து எழுதினபோது தபால் பிந்திவிட்டது. என்னை ஏசுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று அம்மா யாழ்ப்பாணத்தில் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தா. திரும்பி வந்து படலையில் கால் வைத்ததும் “சிறீ எங்கை?” என்று கேட்டா. அவர் வள்ளத்தில் இந்தியா போய், அங்கேயிருந்து உங்களிடம் சுவிஸுக்கு வந்துவிட்டார் என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ தெரியாது. வீடு வீடாகப் போய், அம்மாவிடம் இப்படியே சொல்லும்படி எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். உங்களுக்கும் நித்தியானந்தனுக்கும் தெரியக்கூடாது என்று ஜெயந்தியிடம் சத்தியம் வாங்கினேன். தம்பித்துரை மாமாகூட அம்மாவிடம் வந்து, “உம்மடை ரெண்டாவதும் தப்பிட்டான், நீர் குடுத்து வைச்சனீர்” என்று சொல்லிவிட்டுப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார்.

உங்களுக்கு அவர் இங்கே. அம்மாவுக்கு அவர் அங்கே. பார்சலில் எல்லாம் இரண்டு இருந்தது அதனால்தான். சின்னச் சேட் அவருக்கு.

உங்கள் கடிதங்களை அம்மாவுக்கு வாசிக்கும்போது அதில் இல்லாத வரிகளையும் சேர்த்து வாசித்தேன். தம்பி பக்கத்தில் இருக்கிறான், தம்பிக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று. அம்மா காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தடவுவா. ஆடியில் மற்றக் கண்ணுக்கும் ஒப்பரேசன். பிறகு கண்ணாடி போட்டு அவவே வாசிப்பா. அதற்கு முன் ஒரு கடிதம் வேண்டும், அண்ணை. உங்கள் கையெழுத்தில்.

இந்தக் கடிதத்தை அதிகாரியிடம் கொடுங்கள். சின்னண்ணை இதையாவது உங்களுக்குச் செய்தார் என்று இருக்கட்டும்.

பீலியை அடுத்த நாளே கலாவதி ஏறிக் கட்டி முடித்தாள். சின்னண்ணை பாதி இறுக்கிய முடிச்சு ஒன்று அப்படியே இருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறோம்.

மலர்


லுசேர்ண்
29.6.1986

மலர்,

உன் கடிதம் 17ஆம் திகதி வந்தது. 19ஆம் திகதி மேன்முறையீட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். அதே பாசல்காரரையே மொழிபெயர்க்க அழைத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “மன்னிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடிவு வர ஒரு வருடம்கூட ஆகலாமாம். அதுவரை நான் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது, திரும்பி வரவும் முடியாது. கிடைத்தால் அது தம்பி தந்த பெர்மிட்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. போன கடிதத்தை எரித்துவிடு. நானும் உனக்குப் பொய்தான் எழுதினேன். என் அறைக்கு யன்னல் கிடையாது. யுத்தம் வந்தால் ஒளிக்க என்று இவர்கள் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்த இடத்தில் முப்பது பேர் படுக்கிறோம். மலையைப் பார்க்க வேலைக்குப் போகும் வழியில் நிற்பேன்.

மற்றத் தாள் அம்மாவுக்கு. அதில் நீ ஒரு வரியும் சேர்த்து வாசிக்கத் தேவையில்லை.

அண்ணன்


லுசேர்ண்
29.6.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் தம்பியும் இங்கே நலம். நீங்களும் மலரும் நலமாக இருக்க வேண்டுகிறோம். கண்ணாடி போட்டதும் நீங்களே வாசிக்க வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

தம்பிக்கு இன்னும் குளிர் பழகவில்லை. நீங்கள் சொன்னபடி காதை மூடிக்கொண்டுதான் வெளியே அனுப்புகிறேன். அவனுக்கு எழுதச் சோம்பல், அது உங்களுக்குத் தெரியும். நடந்து போகும்போது ரோட்டைப் பார்க்க மாட்டான். ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருவான். எந்தப் பீலியில் சாய்வு பிழை என்று எனக்குச் சொல்லுவான்.

தொட்டித் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய சேட் அவனுக்கு நல்ல அளவு. மிளகாய்த்தூள் இரண்டு பொதியும் முடிந்துவிட்டது. அடுத்த முறையும் இரண்டாகவே அனுப்புங்கள், அம்மா.

உங்கள் அன்பு மக்கள்,
தவராஜா
சிறீதரன்